பதில் வருமுன்னே ஸ்தோத்திரம்: கஷ்ட காலத்தில் முன்கூட்டியே நன்றி சொல்லப் பழகுவது எப்படி

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாள் இருந்தார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். அவருடைய மூக்குக் கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு பக்கத்துக் கம்பி திருகு கழன்று ஆடிக்கொண்டே இருக்கும். "சுகம் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று நாளைக்கு 100 தடவை எண்ணி எண்ணிச் சொன்னேன். யாரோ சொல்லிக்கொடுத்த கணக்கு அது. சந்தேகம் தலைகாட்டினால் பயந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

12ஆம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த ஒருவர் என் தோளில் கை வைத்து, "விசுவாசத்துல எங்கயோ ஒரு ஓட்டை விழுந்திருக்கும் தம்பி" என்றார். அதன் பிறகு ஏழெட்டு மாதம் ஸ்தோத்திரம் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள், கேட்டது கிடைக்கும்" என்ற பேச்சை நம்பி இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால், நான் சொல்லப்போவது வேறு. அந்த 11 நாளும் நான் செய்தது, நன்றி என்ற உறைக்குள் போட்டு ஆண்டவருக்குக் கட்டளை அனுப்பியது. நன்றி சொல்லப் பழகியது பிறகுதான், வேலை போய் 14 மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன்: எதற்கு முன்கூட்டி?

இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்புமுன், அவன் கல்லறைக்கு முன்னால் இயேசு சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். கல்லைப் புரட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பவன் இன்னும் பிணம்தான், நான்கு நாளாகிவிட்டது. அப்போது அவர், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார் (யோவான் 11:41). நன்றி எதற்கு என்று பாருங்கள். லாசரு எழுந்ததற்கு இல்லை, பிதா கேட்டதற்கு. எனக்கு இந்த ஒரு வசனம் புரிய பல வருடம் ஆனது. பதில் என்ன வடிவில் வரும் என்று தெரியாதபோதும், கேட்கிறவர் யார் என்று தெரியும். முன்கூட்டி நன்றி சொல்ல அது போதும்.

அதே அதிகாரத்தில் ஆறு வசனம் முன்னால் அவர் அழுகிறார். அழுகை முடிந்த பிறகுதான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.

முதல் படி: உள்ளதை உள்ளபடி கொட்டுங்கள்

ஸ்தோத்திரத்தில் தொடங்காதீர்கள். புலம்பலில் தொடங்குங்கள்.

13ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று கிட்டத்தட்ட சண்டை போடுகிறான். ஆனால் ஆறாம் வசனத்தில், "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று முடிக்கிறான். நடுவில் எதிரி தோற்றான் என்றோ நோய் போனது என்றோ எந்தச் செய்தியும் இல்லை. வெளியே ஒன்றும் மாறாதபோதே நன்மை "செய்தபடியால்" என்று நடந்துமுடிந்த காரியம்போலப் பேசுகிறான். முன்கூட்டிய நன்றிக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. ஆனால் ஆறாம் வசனத்துக்குத் தாவ அவனுக்கு முதல் நான்கு வசனங்கள் தேவைப்பட்டன.

செய்முறை எளிது. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாகவோ காகிதத்திலோ "எதுவரைக்கும்" என்று தொடங்கும் நான்கு வாக்கியங்களைச் சொல்லுங்கள். "எதுவரைக்கும் கடன்காரரின் போனை எடுக்காமல் ஒளிவேன்?" "எதுவரைக்கும் பிள்ளைகளிடம் நாளைக்கு நாளைக்கு என்று சொல்வேன்?" அலங்காரம் வேண்டாம். சில நாள் இந்தப் படியைத் தாண்டவே முடியாது. 88ஆம் சங்கீதம் நன்றியே சொல்லாமல் இருளில் முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள்.

இரண்டாம் படி: வாக்குத்தத்தம் ஒரு பக்கம், விருப்பம் ஒரு பக்கம்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், தேவன் எல்லாருக்கும் வெளிப்படையாகக் கொடுத்த வாக்குகள். "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" (எபிரெயர் 13:5). ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்டால் கிடைக்கும் (யாக்கோபு 1:5). கிருபை போதும் (2 கொரிந்தியர் 12:9). வலது பக்கம், உங்கள் விருப்பங்கள். வேலை, ஆரோக்கியம், வழக்கில் தீர்ப்பு, பிரிந்துபோனவர் திரும்பி வருவது. விருப்பப்படுவதில் தவறே இல்லை. அதைக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். பவுலே தன் முள்ளை, தன்னை விடாமல் வாட்டிய ஒரு வேதனையை, எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டான். கிடைத்த பதில், முள் போகாது, கிருபை போதும் என்பது.

இடது பக்கத்துக்கு இப்போதே, நிச்சயமாக, நன்றி சொல்லலாம். வலது பக்கத்துக்கு, "இதைக் கேட்கிறேன், நீர் கேட்டுக்கொண்டதற்கு நன்றி" என்று சொல்லலாம். வலது பக்கத்தில் இருப்பதை இடது பக்கத்தில் எழுதிவிட்டு அதற்கு நன்றி சொல்லும்போதுதான் கோணல் வருகிறது. அப்பாவின் சுகத்தை நான் இடது பக்கத்தில் எழுதினேன். அப்படி ஒரு வாக்கு எனக்குக் கொடுக்கப்படவே இல்லை.

உடனே ஒருவர் மாற்கு 11:24ஐக் காட்டுவார். கேட்பதைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசிக்கச் சொல்லவில்லையா என்பார். சொல்லியிருக்கிறது. அதைச் சொன்ன வாய், மூன்று அதிகாரம் கழித்து, சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில், "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்களும் சேர்த்துத்தான் பேசினார்கள். விடுவிப்பார் என்கிறார்கள், அடுத்த மூச்சில் "விடுவிக்காமற்போனாலும்" என்கிறார்கள் (தானியேல் 3:17, 18). அவர்களுக்கு விசுவாசத்தில் ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை.

மூன்றாம் படி: பழைய கணக்கைத் தோண்டுங்கள்

யூதாவின்மேல் மூன்று கூட்டத்தார் சேர்ந்து படையெடுத்து வந்தபோது ராஜாவான யோசபாத் பயந்தான். பயந்தான் என்றே 2 நாளாகமம் 20 சொல்கிறது. உபவாசம் கூறினான், ஜனங்களுக்கு முன்னால் நின்று ஜெபித்தான். அந்த ஜெபத்தின் முற்பகுதியில் வருவது வரலாறு: நீர் இந்த தேசத்தை எங்களுக்குக் கொடுக்கவில்லையா? கடைசியில் வருவதுதான், "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது." ஒரு ராஜா குடிமக்கள் எல்லாரும் கேட்க "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது சாதாரண விஷயமில்லை.

மறுநாள் அவன் பாடகரைப் படைக்கு முன்னால் நடக்கவைத்தான் என்பதை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்போம். அவர்கள் பாடியது என்ன என்பதைக் குறைவாகவே கவனிக்கிறோம். "கர்த்தரைத் துதியுங்கள், அவர் கிருபை என்றும் உள்ளது" என்று பாடினார்கள். "ஜெயித்துவிட்டோம்" என்று பாடவில்லை. யுத்தம் எப்படி முடிந்தாலும் பொய்யாகாத ஒரு வரியைப் பாடிக்கொண்டு போனார்கள். நம் முன்கூட்டிய நன்றியையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்: நாளைக்கு நிலைமை இன்னும் மோசமானாலும் இந்த வாக்கியம் உண்மையாக இருக்குமா?

நீங்கள் செய்ய வேண்டியது, இதற்கு முன் தாண்டிவந்த மூன்று நெருக்கடிகளை வருடத்தோடு எழுதுவது. ஒவ்வொன்றிலும் உதவி எந்த வழியாக வந்தது என்றும் எழுதுங்கள். எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. மூன்றில் ஒன்றுகூட நான் எதிர்பார்த்த வாசல் வழியாக வரவில்லை. ஒன்று, நான் பேசுவதை நிறுத்தியிருந்த ஒரு மாமா வழியாக வந்தது.

நான்காம் படி: கையில் இருக்கும் ஐந்து அப்பத்துக்கு நன்றி

இயேசு ஸ்தோத்திரம் பண்ணும்போது கையில் இருந்தது ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும்தான். ஆண்கள் மட்டுமே ஏறக்குறைய 5000 பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீதி 12 கூடை பிறகு வந்த கதை. அவர் வரப்போகும் கூடைகளைப் பற்றிப் பேசாமல், போதாத அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அதனால் தினமும் ஒரு வரி, இப்போது கையில் இருக்கும் போதாத ஒன்றுக்கு. வேலையில்லாத நாட்களில் நான் எழுதிய சில வரிகள் அந்த நோட்டில் இன்னும் இருக்கின்றன. "பழைய செருப்பு இன்னும் தாங்குகிறது." "நேர்காணலில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள்." "இன்றைக்கு அவள் கணக்கு கேட்கவில்லை." கடைசி வரி என் மனைவியைப் பற்றியது. அவளுக்குக் காட்டியபோது, "கேட்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள். அதையும் நன்றியில் சேர்த்துக்கொண்டேன்.

எதற்கெல்லாம் நன்றி சொல்லக் கூடாது?

படிகளுக்கு நடுவே இந்தக் கேள்வியையும் பார்த்துவிட வேண்டும். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறது 1 தெசலோனிக்கேயர் 5:18. "எல்லாவற்றிலும்" என்பது வேறு, "எல்லாவற்றுக்கும்" என்பது வேறு என்று நான் என்னைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்றே சொல்கிறது, தப்பிக்க வழி விடுவதில்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த கோரி டென் பூமும் அவருடைய அக்கா பெட்சியும், யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்த குற்றத்துக்காக 1944இல் கைதாகி, நாஜிகளின் ராவென்ஸ்புரூக் பெண்கள் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தங்கவைத்த கொட்டகை முழுக்கத் தெள்ளுப்பூச்சி. பெட்சி அந்தப் பூச்சிக்கும் நன்றி சொன்னார். அது மட்டும் தன்னால் முடியாது என்றார் கோரி. அந்தக் கொட்டகைக்குள் மட்டும் காவலர்கள் வராததால், ஒளித்துவைத்திருந்த வேதாகமத்தை அவர்களால் மற்றப் பெண்களோடு வாசிக்க முடிந்தது. காவலர்கள் வராததற்குக் காரணம் அந்தத் தெள்ளுப்பூச்சி என்று பிறகுதான் தெரிந்தது. கதையை இங்கே நிறுத்திவிடுவது வழக்கம். அந்த டிசம்பரிலேயே பெட்சி முகாமில் இறந்துபோனார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக்கதை.

என் நிலை கோரியின் நிலைதான். பூச்சிக்கு நன்றி சொல்லும் உயரம் எனக்கு வரவில்லை. யாரையும் அதற்கு வற்புறுத்தவும் மாட்டேன். குறிப்பாக, ஒரு மனிதர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமையை நன்றி சொல்லிச் சகித்துக்கொள்ளச் சொல்வது பெரிய அநியாயம். அடிக்கிற கணவனுக்காக ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம். அந்த வீட்டை விட்டு வெளியே வர வழி திறந்தால் அந்த வழிக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: நேரமும் வாயும்

ஜெபித்தால் சிங்கக் கெபியில் போடுவார்கள் என்று தெரிந்த பிறகும் தானியேல் வீட்டுக்குப் போய் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினான், "தான் முன் செய்துவந்தபடியே" (தானியேல் 6:10). நெருக்கடி வந்தபோது புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. நம்மில் பலருக்கு அந்த வசதி இல்லை, நெருக்கடிக்குள் இருந்துகொண்டே பழக வேண்டியிருக்கிறது. அதனால் சின்னதாக வையுங்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கப்போகுமுன் ஒன்று. ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: பல் துலக்கும்போது, சாப்பிட உட்காரும்போது, விளக்கணைக்கும்போது.

வாய் திறந்து சொல்லுங்கள். ஸ்தோத்திரபலியை "உதடுகளின் கனி" என்கிறது எபிரெயர் 13:15. மனதுக்குள் தொடங்கும் ஜெபம் எனக்கு இரண்டாவது நிமிடத்திலேயே கவலையாக மாறிவிடும். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மாதாந்திரத் தவணையைக் கூட்டிக்கொண்டிருப்பேன். வாய்விட்டுச் சொன்னால் அந்த நழுவல் காதில் விழுந்துவிடும்.

பலி என்ற சொல்லையும் சும்மா தாண்டிப் போகாதீர்கள். பலி என்றால் ஏதாவது செலவாக வேண்டும். உணர்ச்சி பொங்கும்போது சொல்வது எளிது. தொண்டை அடைத்து நிற்கும்போது சொல்லும் ஒரு வரியில்தான் பலி இருக்கிறது. மனம் ஒட்டாமல் சொல்வது மாய்மாலம் ஆகாதா என்று கேட்பார்கள். உணராததை உணர்வதாக நடித்தால் மாய்மாலம்தான். "எனக்கு ஒன்றும் உணர முடியவில்லை, ஆனாலும் நீர் நல்லவர்" என்று சொல்வதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

ஆறாம் படி: வாய்க்கால் வெட்டுங்கள்

முன்கூட்டி நன்றி சொன்னவர் சும்மா உட்காரக் கூடாது. 2 இராஜாக்கள் 3இல் தண்ணீரில்லாமல் தவித்த படைக்குத் தீர்க்கதரிசி எலிசா சொன்னது, காற்றும் மழையும் காணமாட்டீர்கள், ஆனாலும் பள்ளத்தாக்கெங்கும் வாய்க்கால்களை வெட்டுங்கள் என்று. மண்வெட்டி பிடித்த கையில்தான் அந்த விசுவாசம் தெரிந்தது.

மருந்தை நிறுத்தாதீர்கள். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கடன் கொடுத்தவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். தூக்கமின்றி, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் இன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். இதெல்லாம் விசுவாசக் குறைவு இல்லை, வாய்க்கால்.

ஏழாம் படி: பதில் வேறாக வந்தால்

பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில், அடிபட்ட முதுகோடு, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் துதித்துப் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவெல்லாம் திறந்தது. என்னைத் தொட்டது அடுத்து நடந்ததுதான். அவர்கள் ஓடவில்லை, கதவு திறந்திருக்க உள்ளேயே இருந்தார்கள். விடுதலைக்காகப் பாடியிருந்தால் முதல் ஆளாக வெளியே வந்திருப்பார்கள்.

கதவு திறக்காமலே போவதும் உண்டு. தீர்க்கதரிசி ஆபகூக் பயத்தில் குடல் குழம்பி உதடு துடிக்கிற நிலையிலேயே ஆறு இழப்புகளை வரிசையாக அடுக்குகிறான். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று தொடங்கி, தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்பது வரை ஆறு "போனாலும்". அதற்குப் பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" வருகிறது. உங்கள் "போனாலும்" பட்டியலை நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத முடியாத ஒரு வரி இருக்கும், கை அங்கே நிற்கும். அந்த வரியை உடனே எழுதியாக வேண்டும் என்று இல்லை. ஆனால் அது எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மார்ட்டின் ரிங்கார்ட் என்ற ஜெர்மானியப் போதகர் முப்பதாண்டுப் போரின் நடுவே ஐலன்பர்க் என்ற ஊரில் ஊழியம் செய்தார். 1637இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது. அந்த ஒரே ஆண்டில் அவர் அடக்கம் செய்தவர்கள் 4000 பேருக்கு மேல். அவருடைய மனைவியும் அதே ஆண்டில் இறந்தார். இன்றும் உலகெங்கும் சபைகளில் பாடப்படும் நன்றிப் பாடல் ஒன்று அந்த மனிதருடையது. சாப்பாட்டு வேளையில் சொல்லும் ஜெபமாகத்தான் அதை முதலில் எழுதினார் என்பார்கள். மேஜையில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

மற்றவர் கஷ்டத்தில் இருக்கும்போது

இதற்கு ஒரே வரி போதும்: இந்த வழிகாட்டியை அவர்களிடம் நீட்டாதீர்கள். எல்லாவற்றையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

அந்த நோட்டு

வேலை கிடைத்த பிறகும் நோட்டை விடவில்லை. ஒரு நாள் பழைய வருடங்களுக்கும் வரி எழுதலாமே என்று தோன்றியது. அப்பாவின் 11 நாளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே நன்றி சொல்ல என்ன இருந்தது?

பிறகு ஞாபகம் வந்தது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ராத்திரி மூன்று மணி இருக்கும். செவிலியர் ஒருவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். "அப்பா தண்ணி கேட்டாருங்க. குடிக்கக் குடுக்கக் கூடாது, பஞ்சுல நனைச்சு உதட்டுல வெச்சேன். சிரிச்சாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போது நான் 64இலோ 65இலோ இருந்தேன். எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று அவருக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

நோட்டில் தேதி இல்லாமல் எழுதினேன்: "பஞ்சில் நனைத்த தண்ணீருக்கு ஸ்தோத்திரம்."